பேத்திக்கு வந்த ஒப்பந்தம்

"ஹலோ... ஹலோ... ஆமா, அப்பாதான். காலம் கெட்டுத்தான் போச்சும்மா. பெத்த பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூட இப்பல்லாம் கோட்டு போட்ட ஆளை அனுப்புறாங்க."

பெரியவர் செல்போனைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளியே பிடித்திருந்தார். தூதராக இருக்கும் மகள் கத்திப் பேசுகிறவள் இல்லை; அவருக்குத்தான் அந்தக் கருவிமேல் நம்பிக்கை இல்லை. எதிரே, அவள் அனுப்பிய அதிகாரி மடியில் கோப்போடு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். பேத்தி உள்ளறைக் கதவைச் சாத்தி இரண்டு மணி நேரம் ஆகிறது.

"ஆமா, ஆமா, நீ அவளுக்கு அனுப்பின ஒப்பந்தத்தைப் படிச்சுக் காட்டினாரு. மொத்தம் ஒம்பது பாயிண்டு... வரிக்கு வரி 'இரு தரப்பும், இரு தரப்பும்'னு வருது. வயித்துல பொறந்தவ என்னைக்கும்மா தரப்பு ஆனா?... சரி, எழுதுற முறைதான். சரி... அவளா? பென்சிலால அடிச்சுத் திருத்திக் கதவுக்கடியில தள்ளிட்டா. உன் பொண்ணுதானே!

...இல்லல்ல, இங்கயே என்கூட தங்கிப் படிக்க நீ ஒத்துக்கிட்டதுல அவளுக்குச் சந்தோஷம்தான். தகராறு ஏழாவது பாயிண்டுல. திங்கக்கிழமை 'அலுவலகப் பிரதிநிதி' வந்து பள்ளிக்கூடத்துல சேர்ப்பாருன்னு போட்டிருக்கியாமே. அதை அடிச்சுட்டு 'அம்மா'ன்னு எழுதியிருக்கா... ஆறு நாட்டுல ஆறு பள்ளிக்கூடம், ஆறுலயும் கையெழுத்துப் போட்டது உங்க ஆபீஸ் ஆளுங்களாமே? எனக்கு இன்னைக்குத்தான் தெரியும்...

திங்கக்கிழமை என்ன?... புது நாட்டு ஜனாதிபதிகிட்ட உன் நியமனப் பத்திரம் கொடுக்கணுமா? ஏன், மனுஷன் செவ்வாக்கிழமை ஊர்ல இருக்க மாட்டாரா?... தேதி குறிச்சா மாத்த மாட்டாங்க. ம்... ஆமா, தெரியும்மா. பதினோரு வருஷம் முகம் பார்க்காத ரெண்டு நாட்டை உக்கார வச்சு ஆத்துத் தண்ணிக்குக் கையெழுத்து வாங்கினவ நீ. பேப்பர்ல வந்த படத்தை முடிவெட்டுறவன் கடையில ஒட்டி வச்சிருக்கான். அவங்களுக்காக எத்தனை தடவை தேதி மாத்துன?

...

ஹலோ?... இருக்கியா?... என்னது, 'கொள்கையளவில் சம்மதம்'? அதெல்லாம் அந்த ரெண்டு நாட்டுக்காரன்கிட்ட வச்சுக்க. வருவியா, மாட்டியா?... சத்தமா சொல்லு... அழறியா?... சளியா. சரி, சளிதான்.

...வர்றியா? நீயே வர்றியா?... அதை எங்கிட்ட சொல்லி என்ன பிரயோசனம், அவகிட்ட சொல்லு... குரல் உடைஞ்சா உடையட்டும்மா. கேக்கட்டுமே!"

பெரியவர் எழுந்துபோய்க் கதவைத் தட்டினார்.

"இந்தா, திற. உங்கம்மா... ஆபீஸ்காரர் இல்ல, அம்மாவேதான்."

கதவு ஒரு கை நுழையும் அளவுக்குத் திறந்தது. அந்தக் கையில் போனை வைத்துவிட்டுத் திரும்பினார். அதிகாரி பேனாவைத் திறந்து ஏழாவது அம்சத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு அவரையே பார்த்தார்.

"மூடி வைங்க சார். திங்கக்கிழமை வந்து இறங்கட்டும், அப்புறம் எழுதிக்கலாம்" என்று சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தார்.