நெட்டி சூப்புக்கு உப்பு

— அத விடுங்கண்ணே. இதுல எப்புடி சூப்பு வெப்பாங்க, அத மட்டும் சொல்லுங்க.

— இரு தம்பி அருள்மொழி... மொதல்ல அதக் கையில குடு. யப்பா! கூறல் மீன் நெட்டி. ஆம்பள மீனு வேற. என்னா கனம்! நம்ம கடலூர் ஆர்பர்ல வருசத்துக்கு ஒண்ணு மாட்டுனாலே பெருசு.

— ராஜண்ணே, நான் விக்க வரல.

— பின்ன, என் கடையச் சுத்திப் பாக்க வந்தியா?

— சூப்பு...

— டேய், இது மீன் வயித்துல கெடக்குற காத்துப்பை. நான் வாங்கி ஏத்துறேன், சீனாக்காரன் சூப்பு வெக்கிறான். எம்.ஏ. படிச்சிட்டு கடலுக்குப் போற ஆளு நீ. இத வித்தா ஒரு வருசம் ஒக்காந்து சாப்புடலாம். அத அறுத்து அடுப்புல போடுறேங்கிற!

— கயல் கேட்டா.

— யாரு, ஒம் பொண்டாட்டியா?

— ம். அப்ப ஏழாம் மாசம். இது கொடியில காஞ்சிட்டிருந்துச்சு. "இந்தத் தோலப் போயி ஏரோப்ளேன்ல ஏத்துறாங்களே, அந்த சூப்புல அப்புடி என்னதான் போடுவாங்க, கேட்டுட்டு வா"ன்னா. மூணு தடவ கேட்டா.

— நீ?

— அப்புறம் கேக்குறேன்னேன்.

— புருசன்னாலே அப்புடித்தான். புள்ள பொறந்துடுச்சா?

— பொண்ணு. சிதம்பரத்துல.

— அடப்பாவி, ஒரு முட்டாயி குடுத்தியா நீ? நான் ஒரு மாசமா தூத்துக்குடியில கெடந்தேன், ஒருத்தனும் சொல்லல பாரு... பாப்பா எங்க?

— கீரப்பாளையத்துல. மாமியார் பாத்துக்குறாங்க.

— பால் பத்துதா?

— பவுடர் பால்தான்.

— அதுக்கு எதுக்குடா சீனாக்காரன் சூப்பு? பால்சுறா வாங்கிப் புட்டு செஞ்சி குடு. நாலே நாள்ல ஊறும்.

— அவளுக்கு சுறா வாடை ஆவாது. நெல்லு வெளயிற ஊருக்காரி.

— ஆனா ஒண்ணு. அங்கயும் இத புள்ள பெத்தவளுக்குத்தான் ஜாஸ்தி குடுப்பாங்களாம். போன ரத்தம் திரும்ப ஊறுமாம்.

— ரத்தமா?

— அப்புடித்தான் எங்க ஏஜென்ட்டு சொன்னான். ஏன்?

— ஒண்ணுமில்ல. சொல்லுங்க, எழுதிக்கிறேன்.

— பேனா வேறயா! சரி எழுது. ஒரு நாள் முழுக்கத் தண்ணியில ஊறணும். என்னிக்கு வெக்கப்போற?

— நாளைக்கு. நாளையோட முப்பது நாள்.

— ஓ, பேரு வெக்கிறீங்களா?

— சொந்தக்காரங்க வருவாங்க.

— அதான பாத்தேன். அப்ப வீட்டுக்குப் போன ஒடனே ஊறப் போட்டுடு. நாளைக்கு இஞ்சி, வெங்காயத்தாளு போட்டு ஒரு கொதி. அந்தத் தண்ணியக் கொட்டிடு, கவுச்சி போயிடும். கோழி எலும்பத் தனியா நல்லா கொதிக்கவிட்டு வடிச்சி, அதுல நெட்டியத் துண்டு துண்டாப் போடு. அப்புறம்... செவப்பா காஞ்ச பழம் ஒண்ணு போடுவாங்க. நம்ம எலந்தப்பழம் மாதிரி.

— எலந்தப்பழமா... அது அவளுக்குப் புடிக்கும்.

— ரெண்டு சேத்துப் போடு.

— மொளகா, புளி?

— மூச்! எதுவும் கெடையாது.

— என்னா ருசிண்ணே இருக்கும்?

— என்னையவா கேக்குற? பதினஞ்சு வருசமா ஏத்துறேன், ஒரு சொட்டு நாக்குல பட்டதில்ல. நெட்டிக்குன்னு ருசியே கெடையாதாம். கூடப் போடுறதோட ருசிதானாம்.

— அவ்ளோதானா. இத அன்னிக்கே சொல்லியிருந்தா சிரிச்சிருப்பா.

— இப்ப போயி சொல்லு, சிரிக்கட்டும். இல்ல, போனப் போட்டுக் குடு. நானே அந்தப் புள்ளகிட்ட பக்குவம் சொல்லிடுறேன்.

— அவ போனு எங்கிட்டதாண்ணே இருக்கு.

— சரி விடு. எத்தன பேருக்கு வெக்கிற?

— ஒரு ஆளுக்கு.

— ஒரு ஆளுக்கு இவ்ளோவா? ஒரு துண்டு அறுத்துக்கடா. மிச்சத்த...

— முழுசா வேணும்.

— பிடிவாதத்தப் பாரு. கூட வந்த போட்டுக்காரனுங்க பங்கு கேக்கலியா?

— எனக்கே விட்டுட்டாங்க.

— சும்மாவா? நம்ம ஆர்பர்ல எவன்டா சும்மா விடுவான்?

— விட்டுட்டாங்கண்ணே. எலையில ஊத்துனா நிக்குமா?

— சூப்ப எவன்டா எலையில ஊத்துவான்? கிண்ணத்துல குடு. சூடு முக்கியம். ஆறுனா பசையாட்டம் எறுகிடும்.

— ஆறிடும்ணே...

— ஏன் ஆறுது? ஊத்துன ஒடனே குடிக்கச் சொல்லு.

— உப்பு எவ்ளோ?

— கண்ணளவுதான்.

— கண்ணளவு வேணாம். ஸ்பூன் கணக்குல சொல்லுங்க.

— எனக்கென்னாடா தெரியும்? கொஞ்சமாப் போட்டு ருசி பாரு.

— பாக்க முடியாது.

— ஏன், நாக்குல புண்ணா?

— இல்ல.

— பின்ன? வெக்கிறவன் ஒரு வாய் பாத்துட்டுத்தானடா பொண்டாட்டிக்குக் குடுப்பான்?

— படைக்கிறதுக்கு முன்னாடி வாயில வெக்கக் கூடாதுண்ணே.