ஐந்து ஒன்பது சொல்லாத சடையப்பன்

மேடையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, கடலூரிலிருந்தும் சிதம்பரத்திலிருந்தும் பெண்ணாடத்திலிருந்தும் வேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கும் வானொலி நண்பர்களே, முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் சடையப்பனின் மனைவி தங்கை தில்லையம்மாளே, அவர்கள் மகள் ரேகாவே! கழகத் தலைவன் என்ற முறையில் சிதம்பரம் சபாபதியின் வணக்கம்.

நம் அமெச்சூர் வானொலிக் கழகத்தின் செயலாளர், சர்க்கரை ஆலையில் மின்பொறியாளராக இருந்து ஓய்வு பெற்ற சடையப்பன், போன வாரம் மாரடைப்பில் நம்மை விட்டுப் போய்விட்டார். எனக்கு முன்னால் பேசியவர்கள் அவரைத் தங்கமானவர் என்றார்கள். குணக்குன்று என்றார்கள். நாக்பூரில் ரயில்வே வேலை பார்த்துக்கொண்டு, இதற்காகவே லீவு போட்டு வந்திருக்கும் நம் பெண்ணாடத்து இளவரசு, "யார் மனமும் நோகப் பேசாதவர்" என்றே சொல்லிவிட்டார். யார்? சடையப்பனா? இளவரசு, வேறு யாருடைய கூட்டத்துக்கோ எழுதி வைத்திருந்ததை இங்கே படித்துவிட்டீர்களா?

குடும்பத்தார் பொறுத்துக்கொள்ள வேண்டும். இந்த மனிதரோடு கழகம் நடத்தி என் தலைமுடி கொட்டியதுதான் மிச்சம். அதை நான் மறைத்தால் முதலில் கோபப்படுகிறவர் அவராகத்தான் இருப்பார்.

வானொலி தெரியாத உறவினர்களும் வந்திருப்பதால் ஒன்றை விளக்கிவிடுகிறேன். இரண்டு பேர் அலைவரிசையில் சந்தித்தால், "உன் குரல் எனக்கு எப்படிக் கேட்கிறது" என்பதை முதலில் எண்ணில் சொல்லுவோம். பேச்சு முழுவதும் புரிந்தால் ஐந்து. குரல் நல்ல பலத்தோடு வந்தால் ஒன்பது. ஆக, ஐந்து ஒன்பது என்றால் நூற்றுக்கு நூறு. ஆனால் நாங்கள் எல்லோருக்கும் ஐந்து ஒன்பதுதான் கொடுப்போம். பாதி கேட்டாலும் ஐந்து ஒன்பது, கொசு முனகுவதுபோல் கேட்டாலும் ஐந்து ஒன்பது. சொல்வதில் என்ன குறைந்துவிடும்? உலகம் முழுக்க இதுதான் மரியாதை. இந்த மரியாதை தெரியாத ஒரே ஆளைத்தான் நாம் செயலாளராக வைத்திருந்தோம்!

சிதம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கண்காட்சி நடத்தினோம். சிறப்பு விருந்தினர் பெரிய மனிதர், கழகத்துக்கு ஓர் அறை ஒதுக்கித் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தார். பிள்ளைகள் எல்லாம் பார்த்துக்கொண்டிருக்க, மைக்கை வாங்கிக் கடலூரிலிருந்த சடையப்பனிடம் பத்து நிமிடம் முழங்கினார். முடித்துவிட்டு, "என் பேச்சு எப்படி இருக்குது?" என்று கேட்டார். ஒலிபெருக்கியில் பதில் வந்தது: "பாதிதாங்க புரிஞ்சுது. மைக்க வாயில வெச்சிக்கிட்டு கத்துறீங்க. தள்ளிப் புடிச்சி, மொதல்லேர்ந்து பேசுங்க." பிள்ளைகள் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. அறைதான் இன்றுவரை வரவில்லை.

சூரியனில் கரும்புள்ளிகள் நிறைய இருந்தால் பத்து மீட்டர் அலைவரிசை திறந்துகொள்ளும். வானம் நம் குரலை மடக்கிக் கடல் தாண்டிக் கொண்டுபோய் இறக்கும். புள்ளி இல்லாவிட்டால் குரல் நேரே மேலே போய்த் தொலையும். இரண்டாயிரத்து ஏழிலிருந்து ஒன்பதுவரை சூரியன் துடைத்து வைத்ததுபோல் கிடந்தது. நாங்கள் ரேடியோவுக்குத் துணி போர்த்திவிட்டோம். சடையப்பன் போர்த்தினாரா? தினமும் காலையில் கேட்டுப் பார்ப்பார். கேட்டுவிட்டு எனக்கு போன் செய்வார்.

"இன்னிக்கும் ஒண்ணுமில்ல மச்சான்."

"யோவ், ஒண்ணுமில்லங்கறதுக்கு ஒரு போனா?"

"கேட்டுப் பாத்தாதானே ஒண்ணுமில்லன்னு தெரியும்? நீ கேட்டியா?"

நான் கேட்கவில்லை. பல் துலக்கிக்கொண்டிருந்தேன். மழைக்காலம், பொங்கல், என் மகள் கல்யாணத்தன்று காலை என்று எதையும் அவர் விட்டு வைத்ததில்லை. முகூர்த்த நேரத்தில் போனை எடுத்தேன், "இன்னிக்கும் ஒண்ணுமில்ல மச்சான்" என்றார். ஒரு மனிதன் எவ்வளவுதான் தாங்குவான்!

போன வருடம் புரட்டாசி வாக்கில் அலைவரிசை ஒருவழியாகத் திறந்தது. சர்வதேசப் போட்டியும் வந்தது. சிக்கியவனுக்கெல்லாம் ஐந்து ஒன்பது கொடுத்துவிட்டு அடுத்த ஆளுக்குத் தாவினால்தான் புள்ளி சேரும். நம் செயலாளரோ ஒவ்வொருவனையும் நிறுத்தி வைத்து, "உனக்கு மூணு நாலுதான், ஆன்டெனாவப் பாரு" என்று ஆங்கிலத்தில் புத்தி சொல்லிக்கொண்டிருந்தார். நம் கழகம் எந்த இடத்தில் வந்தது என்று இந்த மேடையில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அப்புறம் 'தானே' புயல் வந்தது.

உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மின்சாரம் இல்லை, போன் இல்லை, ரோடெல்லாம் மரம். என் மனைவி ஸ்ரீமதி நிமோனியாவில் சிதம்பரத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் மூச்சுக்கருவியில் இருந்தாள். அவளோடு இன்னும் இரண்டு பேர். ஜெனரேட்டருக்கு டீசல் விடியும்வரை தாங்காது என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். மொட்டைமாடியில் கம்பியைக் கட்டி, கார் பேட்டரியில் செட்டைப் போட்டு, கடலூரில் நிவாரண வேலைக்காக உட்கார்ந்திருந்த சடையப்பனைக் கூப்பிட்டேன். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அந்த வேளையில் நம் அலை பக்கத்து ஊரைத் தாண்டிக் குதித்து எங்கோ தூரத்தில் போய் விழும். கடலூருக்கு எட்டாது. நாக்பூருக்கு எட்டும், அங்கிருந்து திரும்பக் கடலூருக்கும் எட்டும்! நாக்பூரில் இளவரசு இருந்தார். சேதியைச் சொன்னேன். "ஐந்து ஒன்பது, எல்லாம் கிடைத்தது, கடலூருக்குச் சொல்லிவிட்டேன்" என்றார். நான் செட்டை நிறுத்தக் கை நீட்டினேன். பேட்டரி உயிரை விட்டுக்கொண்டிருந்தது.

அப்போதுதான் இளவரசு மறுபடி வந்தார். "அண்ணே, சடையப்பன் அண்ணன் செட்ட நிறுத்த வேணாம்ன்றாரு. 'சத்தம் வந்துச்சி, சேதி வர்ல'ன்றாரு. திருப்பிச் சொல்லணுமாம்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவர் பரம்பரையையே திட்டினேன். இளவரசு, தலையைக் குனிய வேண்டாம். உங்களுக்கும் அன்று பாதிதான் கேட்டிருந்தது. பழக்கத்தில் ஐந்து ஒன்பது வாயில் வந்துவிட்டது. நம்மில் யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்போம். நான்கூட. சடையப்பன் விடவில்லை. ஆஸ்பத்திரி பெயர், தெரு, எத்தனை உயிர், எவ்வளவு டீசல் என்று ஒவ்வொரு சொல்லாக உங்களிடம் வாங்கி, அத்தனையும் உங்கள் வழியாக என்னிடம் திருப்பிப் படித்துக்காட்டி, நான் ஆமாம் சொன்ன பிறகுதான் "வந்துடுச்சி" என்றார். அத்தோடு என் பேட்டரி அணைந்தது. விடிவதற்குள் மரம் அறுக்கும் ஆட்களோடு ஒரு லாரி டீசல் கொண்டுவந்தது.

ஸ்ரீமதி, எழுந்து நில். எல்லோரும் பார்க்கட்டும்.

அன்று கடலூரிலும் ஒரு மரியாதைக்காரர் உட்கார்ந்திருந்தால், நான் சேதி போய்விட்டது என்று நம்பி ஜெனரேட்டர் ஓயும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன். அந்த மனிதனை நான் அவ்வளவு திட்டினேன், அவ்வளவு நேசித்தேன்.

மழைக்காலம் வந்துவிட்டது. அடுத்த புயல் நம்மைக் கேட்டுக்கொண்டு வராது. ஆகவே கழகத்தின் பெயரால் இந்த அவையில் உறுதி சொல்கிறேன்: கேட்டதைக் கேட்டது என்போம், கேட்காததைக் கேட்கவில்லை என்போம். முகம் சுளிக்கிறவர்கள் சுளித்துக்கொள்ளட்டும். நாளை முதல் தினமும் காலையில் அலைவரிசையைக் கேட்டுவிட்டு உங்களுக்கெல்லாம் நானே போன் செய்வேன். எரிச்சலாகத்தான் இருக்கும். எடுங்கள்.

மறைந்த நண்பரைக் கடைசியாக ஒருமுறை அலைவரிசையில் அழைத்துப் பார்ப்பது நம் வழக்கம். இன்று காலை அவர் வீட்டில், அவர் மேசையில் உட்கார்ந்து அழைத்தேன். ரேகா பக்கத்தில் இருந்தாள். பத்து மீட்டர் இப்படித் திறந்து நான் கேட்டதில்லை. ஜப்பான் வந்தது, ஆஸ்திரேலியா வந்தது. அவர் அழைப்புக்குறியைச் சொல்லிக் கூப்பிட்டேன். காத்திருந்தேன். மறுபடி கூப்பிட்டேன்.

"எதாவது கேக்குதா மாமா?" என்றாள் ரேகா.

அவளுக்கு ஆறுதலாக ஏதாவது சொல்லத்தான் மனம் துடித்தது. ஆனால் அது சடையப்பனின் நாற்காலி. அதில் உட்கார்ந்துகொண்டு எப்படிப் பொய் சொல்வது?

இன்னிக்கும் ஒண்ணுமில்ல மச்சான்.