இருநூறு அடி தூரத்தில் இருந்த மூச்சு

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும், தறித்தொழிலாளர்களின் தளராத தோளாகிய பெரியவர் செங்கல்வராயன் ஐயா அவர்களே. அழைத்ததும் வந்து அமர்ந்திருக்கும் ஊர்ப் பெரியோர்களே. நகரியிலிருந்தும் புத்தூரிலிருந்தும் தறியை நிறுத்திவிட்டுத் திரண்டிருக்கும் தோழர்களே. ஆற்றைக் கடந்து வந்து, இக்கரை மண்ணில் இடுப்புக் குழந்தையோடு உட்கார்ந்திருக்கும் அக்கரைத் தாய்மார்களே. விசைத்தறிப் பெண்கள் சங்கத்தின் செயலாளர் தாட்சாயணி உங்கள் முன் தலைவணங்குகிறேன்.

பூமாலை தொடுக்க இன்று நான் வரவில்லை. புகார் சொல்ல வந்திருக்கிறேன். அந்தப் புகாரில் என் பெயரும் இருக்கிறது.

எல்லையோர நல்லுறவு நிதி என்று ஒன்று வைத்தார்கள். ஆற்றுக்கு இக்கரை ஒரு மாநிலம், அக்கரை வேறு மாநிலம்; இரண்டும் சேர்ந்து வைத்தது; இரண்டு கரை மக்களின் வரியில் விளைந்தது. எதற்காக? எல்லையில் வாழ்கிறவனுக்கு ஒரு கரையில் வீடு, மறு கரையில் வைத்தியம். ஒரு கரையில் தறி, மறு கரையில் சந்தை. பெண் கொடுப்பது இங்கே, பெண் எடுப்பது அங்கே. அவனுக்கு ஒரு பாலம் வேண்டாமா? அந்தக் கரை ஆம்புலன்ஸ் இந்தக் கரைக்கு வர ஓர் உத்தரவு வேண்டாமா? வேண்டும் என்றுதான் திட்டத்தில் எழுதினார்கள். எழுதியது ஏட்டில் இருக்கிறது. எழும்பியது என்ன? வேலமரத்தூர் ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு வரவேற்பு வளைவு, அந்தப் பக்கம் ஒரு வரவேற்பு வளைவு. நடுவில் அதே பழைய தரைப்பாலம். மழை பெய்தால் அதன் மேல் முழங்கால் தண்ணீர்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். இனிமேல் நான் சொல்லப்போவதில் சிரிக்க எதுவும் இல்லை.

போன ஐப்பசி. மதியம் இரண்டு மணி. வேலமரத்தூர் சம்பத்தை உங்களுக்குத் தெரியும். நாலு தறி ஓட்டுகிறவர். அவர் மனைவி ரேகாவுக்கு எட்டாம் மாதத்திலேயே வலி கண்டுவிட்டது. நம் பக்கத்து ஆம்புலன்ஸ் வேறு ஊருக்குப் போயிருந்தது. வர ஒன்றேகால் மணி நேரம் ஆகும் என்றார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு கிலோமீட்டரில் ஆரம்ப சுகாதார நிலையம். சம்பத் அங்கே போன் செய்தார். பத்தே நிமிடத்தில் வண்டி வந்தது. வந்து, அந்தக் கரை வளைவுக்குக் கீழே நின்றுவிட்டது.

ஓட்டுநர் குணா இறங்கி, இக்கரையில் நின்ற சம்பத்திடம் உரக்கச் சொன்னார்: "அண்ணா, முழங்கால் தண்ணின்னா வண்டி தாண்டிடும். ஆனா எல்லைய தாண்ட ஆர்டர் இல்ல. தாண்டுனா வேல பூடும். மேல கேட்டுக்கினே இருக்கேன், ஒருத்தரும் போன் எடுக்கல."

ஏன் எடுக்கவில்லை? அந்த நேரத்தில் இரண்டு கரை அதிகாரிகளும் திருப்பதியில் ஒரு குளுகுளு மண்டபத்தில் இருந்தார்கள். எல்லையோர நல்லுறவு விழா. அதே நிதி. பொன்னாடை, பூங்கொத்து, புகைப்படம்.

எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கிறீர்களா, தம்பி? அந்த மேடையில் வரவேற்புரை படித்தவளே நான்தான். "நதிகள் பிரிப்பதில்லை, நாம் பிரிவதில்லை" என்று நான் முழங்கிக்கொண்டிருந்தபோது, என் பையில் போன் நாலு முறை அதிர்ந்து அடங்கியது. சம்பத்தின் போன். அதிகாரிகள் என் பக்கத்தில் இருக்கிறார்கள், ஒரு வார்த்தை கேட்டுச் சொல்வேன் என்று நம்பி அழைத்தார். நான் எடுக்கவில்லை. கைத்தட்டல் முடியட்டும் என்று இருந்தேன்.

வண்டியில் செவிலியர் சபீனா இருந்தார். அவர் உத்தரவுக்குக் காத்திருக்கவில்லை. "வண்டிக்குத்தானே ஆர்டர் வோணும், எனக்கு இன்னாத்துக்கு?" என்று சொல்லிவிட்டு, பிரசவப் பையைத் தலையில் வைத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். தறிக்காரர்கள் கைகோத்து நின்று அவரைக் கரை சேர்த்தார்கள். கரையோரம் இருந்த சம்பத்தின் தறிக்கூடத்திலேயே பிரசவம் பார்த்தார். குழந்தை பிறந்தது, அழவில்லை. அதற்கு ஆக்சிஜன் வேண்டும். சிலிண்டர் எங்கே? வண்டியில். வண்டி எங்கே? இருநூறு அடி தள்ளி, அக்கரையில்.

சபீனா வாயோடு வாய் வைத்து ஊதினார். செய்தி கேட்ட குணா, வேலை போனால் போகட்டும் என்று சிலிண்டரைத் தோளில் போட்டுக்கொண்டு ஆற்றில் ஓடினார். வந்து சேர்ந்தபோது, குழந்தை போய்விட்டது என்று சபீனா தலையை அசைத்தார். பெண் குழந்தை. ரேகாவின் உதிரப்போக்கை மட்டும் சபீனாவால் நிறுத்த முடிந்தது. தாய் பிழைத்தாள்.

தோழர்களே, அந்த நிதி முழுவதிலும் நடக்காத நல்லுறவு அந்த ஒரு மணி நேரத்தில் நடந்தது. அதற்கு என்ன விருது தந்தார்கள்? அனுமதியின்றி வேறு மாநிலத்தில் பணி செய்ததாக சபீனாவுக்குத் தற்காலிகப் பணிநீக்கம். அரசுப் பொருளை எல்லை தாண்டிக் கொண்டுபோனதாக ஒப்பந்த ஓட்டுநர் குணாவுக்கு வேலை நீக்கம். உரை படித்த எனக்குப் பொன்னாடை. இது எந்த ஊர் நீதி? மூச்சைத் தூக்கிக்கொண்டு ஓடியவன் குற்றவாளியா? மூச்சு முட்டப் பேசியவள் விருந்தாளியா?

நான் ரேகாவின் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்க வாய் திறந்ததும் அழுதுவிட்டேன். ரேகா என்னை உட்காரச் சொல்லவில்லை. "அழுவுறதுக்கு வந்தியாக்கா? அந்த நர்சம்மாவ விசாரிக்கிறாங்களாம். அங்க என்னக் கூட்டிக்கினு போ" என்றாள்.

கூட்டிக்கொண்டு போனேன். விசாரணை அறையில் ஓர் அதிகாரி, "உங்களுக்கு இங்கே என்ன வேலை? நீங்கள் வேறு மாநிலம்" என்றார். அவள் நின்றபடியே பதில் சொன்னாள். "ஆமா சார். என் புள்ள செத்ததும் அதனாலதான். அந்தம்மா எல்லைய பாத்துக்கினு நின்னிருந்தா நானும் செத்திருப்பேன். தப்புன்னு எழுதுறதுக்கு முன்னால, நான் உசுரோட இருக்கறதும் தப்புன்னு எழுது."

அந்தப் பேனா எழுதவில்லை. மூன்று வாரத்தில் சபீனா பணிக்குத் திரும்பினார். ஆனால் குணாவுக்கு இன்னும் வேலை இல்லை. ரேணிகுண்டாவில் மூட்டை தூக்குகிறார். இதோ, மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். எழுந்திருக்கச் சொன்னால் கூச்சப்படுகிறார். விடுங்கள், கைதட்ட வேண்டாம். கைத்தட்டலால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

அந்தப் பொன்னாடையைப் பதிவுத் தபாலில் திருப்பி அனுப்பிவிட்டேன். அது போதாது. அடுத்த மாதம் மறுபடியும் நல்லுறவு விழாவாம். என்னை மறுபடியும் அழைத்திருக்கிறார்கள். என் பதிலை இந்த ஒலிபெருக்கியில் சொல்கிறேன். பாலம் கட்டுங்கள். எந்தக் கரை ஆம்புலன்சும் எந்தக் கரைக்கும் போகலாம் என்று கையெழுத்துப் போடுங்கள். குணாவின் வேலையைத் திருப்பிக் கொடுங்கள். அதுவரை உங்கள் விழாவுக்கு இரண்டு கரையிலிருந்தும் ஒரு விளக்கு வராது, ஒரு மாலை வராது, ஒரு வாய் வாழ்த்தாது.

நாளைக் காலை பத்து மணிக்குத் தரைப்பாலத்தில் கூடுகிறோம். அங்கிருந்து இரண்டு கரை அலுவலகத்துக்கும் நடக்கிறோம். முன்னால் ரேகா நடப்பாள். நான் அவளுக்குப் பின்னால் நடப்பேன். என் இடம் அதுதான்.

இன்று செவி கொடுத்தீர்கள், நன்றி. நாளை கால் கொடுங்கள். வணக்கம்.