நாய்க்காட்டில் ஒரு மரியாதைச் சொல்

காபி சூடாக இருக்கிறதா? உங்கள் நாய் மேசைக்கடியிலேயே படுத்துக்கொள்ளட்டும். நல்ல வளர்ப்பு, பார்த்தாலே தெரிகிறது. என் வாக்குமூலத்தை எழுதத் தாள் கொண்டுவர மறந்துவிட்டீர்களா? பரவாயில்லை, இந்தத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். சங்கத் தேர்தலுக்கு வாங்கியதில் வெட்டாமல் மிஞ்சியது. பொதுப் பொருளை வீணாக்குவது எனக்குப் பிடிக்காது.

என் பெயர் டோர்கில். வயது அறுபத்தேழு. முப்பது ஆண்டுகள் படகுத்துறையில் டிக்கெட் பரிசோதித்தேன். பதினான்கு ஆண்டுகளாக நம் நாய்க்காட்டுச் சங்கத்தின் தலைவர். வேலிக்குள் நாய்கள் வாரில்லாமல் ஓடவேண்டுமென்றால் மனிதர்களுக்கு வார் வேண்டும். வாசல் பலகையில் இருக்கும் விதிகள் அத்தனையும் நான் எழுதியவை. இரண்டு கதவையும் சாத்து. கழிவை எடு. உணவு கொண்டுவராதே. கூப்பிட்டால் வராத நாயை அவிழ்த்துவிடாதே.

கடைசி விதியில்தான் சிறு சிக்கல். என் பெர்த்தா கூப்பிட்டால் வரமாட்டாள். குட்டைக்கால், நீள உடம்பு. செய்தி வால்வரை போய்ச் சேர நேரமாகும் என்பது என் கருத்து.

மார்ச்சில் ஒருநாள் சங்க உறுப்பினர் யூட்டா எல்லார் முன்னாலும் கேட்டாள்.

"ஏம்ப்பா டோர்கில், உன் நாய்க்குக் காது கேக்கலையா, இல்ல நீ பேசறது பிடிக்கலையா?"

"யோசிச்சிட்டிருக்கா," என்றேன்.

"பன்னெண்டு நிமிஷமாவா? அதுக்குள்ள பார்லிமென்ட்டே ஒரு முடிவுக்கு வந்துடும்."

லாப்ரடார் வைத்திருக்கும் ப்ரெபன் சிரித்தான். "விடு யூட்டா, அது தலைவர் வீட்டு நாய். கூப்பிடணும்னா கடுதாசி போடணும்."

மறுவாரமே யூட்டா தலைவர் பதவிக்கு நின்றாள். தான் வென்றால் பெர்த்தாவை வாரில் கட்டித்தான் உள்ளே விடுவேன் என்றாள். அவிழ்த்துவிடுவதற்கென்றே இருக்கும் காட்டில் கட்டிப்போட்ட ஒரே நாய். நீங்களும் நாய் வளர்ப்பவர். சொல்லுங்கள், யாராவது பொறுப்போடு நடந்துகொள்ள வேண்டாமா?

நம் வீடுகளில் உணவுத் தட்டை வைத்தவுடன் நாய் பாய்வதில்லை. உட்கார்ந்து காத்திருக்கும். "வேர்ஸ்கோ" என்ற சொல் காதில் விழுந்தால்தான் வாயைத் திறக்கும். உங்கள் நாயும் அப்படித்தானே? விருந்தாளிக்குக் காபி நீட்டும்போதும் அதையேதான் சொல்கிறோம், கூட்டத்தில் ஒருவரைப் பேச அழைக்கும்போதும் அதையேதான். ஒரே சொல்லில் இத்தனை மரியாதை அடங்கிய மொழி நம்முடையது.

ஆறு வாரம், தினமும் காலையில், நான் மற்றவர்களின் நாய்களோடு சிறிது நேரம் செலவிட்டேன். மடித்த தாள்துண்டில் ஈரல் விழுதைத் தடவி, அந்தச் சொல்லைச் சொல்லி நீட்டுவேன். உணவு விதியை மீறினேனா என்று கேட்பீர்கள். தாள் உணவல்லவே. போகப் போக விழுதைக் குறைத்தேன். ஆறாம் வாரம் ப்ரெபனின் லாப்ரடாருக்கு வெறும் தாளே போதுமானதாக இருந்தது. தன் வீட்டுச் செய்தித்தாள் நாளும் காணாமல் போவதாக ப்ரெபன் குறைப்பட்டான். அனுதாபம் தெரிவித்தேன்.

ரகசிய வாக்கெடுப்பு வேண்டுமென்று கேட்டது யூட்டாதான், நானில்லை. வாக்குச்சீட்டுகளுக்கான தாள் முழுவதற்கும் முந்தின நாள், வெட்டும் முன்பே, அதே விழுதில் நான் மெல்லிய பூச்சு ஒன்று கொடுத்தேன். யாரும் முகம் சுளிக்கவில்லை. நாய்க்காட்டுக்கு வருகிற எல்லார் கையிலும் அந்த வாசனைதான். அவரவர் பையில் என்ன இருந்தது என்று நான் கேட்டதுண்டா?

ஞாயிறு காலை. நாற்பது பேர், இருபத்தேழு நாய்கள். வாக்கு போட்டவர்கள் என் கண்ணைப் பார்க்கவில்லை. முடிவு எனக்குத் தெரிந்துவிட்டது. யூட்டா வாக்குப்பெட்டியாக வைத்திருந்த பிஸ்கட் டப்பாவைத் திறந்து, சீட்டுகளைப் புல்லில் கொட்டினாள்.

"எண்ணட்டுமா, டோர்கில்?"

ஒரு தலைவர் வேறென்ன சொல்வார்?

"வேர்ஸ்கோ, யூட்டா."

நாலே நொடி. நாற்பது வாக்குகளும் போயின. டப்பாவின் மூடியும் போனது. யூட்டாவுக்குக் கீறல்கூட இல்லை; அவளுடைய கோட்டுக்குத்தான் வலக்கை இல்லை. எண்ண முடியாத தேர்தல் செல்லாது, பழைய தலைவரே தொடர்வார் என்பது சங்க விதி. அதையும் நான்தான் எழுதினேன், பதினான்கு ஆண்டுகளுக்கு முன், முன்யோசனையோடு.

அந்தக் களேபரத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்த நாய் ஒன்றே ஒன்று. என் பெர்த்தா. சொல்லைக் கேட்காத நாய் என்று அவளைப் பழித்தார்களே, அன்று கட்டுப்பாடு யாரிடம் இருந்தது? இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஆம், திட்டமிட்டுத்தான் செய்தேன். எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன். வருந்துகிறேன் என்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். இனி நாய் இருக்கும் இடத்தில் அந்தச் சொல்லை வாயால் சொல்லமாட்டேன். அது ஒரு பொறுப்பான மனிதனின் வாக்கு.

முடிந்ததா? ஒரே ஒரு பிரதிதானே? கொடுங்கள், கையெழுத்திடுகிறேன். உங்கள் நாய் வெகுநேரமாக இந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருக்கிறது. எவ்வளவு பொறுமை அதற்கு.

இதோ, பிடியுங்கள். வேர்ஸ்கோ.