இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்துக் கேள்வி

கேள்விகளின் கொற்றவரே! முப்பத்தொரு ஆண்டுகள் எங்கள் ஏடுகளையும் எங்களையும் ஏந்திக் காத்த ஏந்தலே! வந்த நூலாசிரியர் எவரையும் வெற்றுக் கைதட்டலோடு வழியனுப்பாத பெருந்தகையே! ராஸ் ஸைத்தூன் நகராட்சி நூலகத்தின் தலைமை நூலகர், மாண்பமை ஸாதுக் பென் ரொம்தான் அவர்களே!

தாங்கள் பணி நிறைவு பெறும் இந்நன்னாளில் என்று தொடங்குவதுதான் முறை. நன்னாள் என்று எழுத எங்களுக்குக் கை வரவில்லை. இன்னொரு குறையையும் பொறுத்தருள வேண்டுகிறோம். பாராட்டு மடல் என்பது பாராட்டுக்குரியவரின் முகம் பார்த்துப் படிக்க வேண்டியது. தங்கள் முகத்தைப் பார்க்கும் தகுதி எங்களுக்கு இல்லை. ஆகவே சில பத்திகளுக்கு ‘அவர்’ என்றே சொல்லிப் போகிறோம், வேறு யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோல.

அவர் வேலைக்கு வந்த காலத்தில் இங்கே நடந்தது இதுதான். தலைநகர் தூனிஸிலிருந்து ஒரு நூலாசிரியர் வருவார், ஒரு மணி நேரம் பேசுவார், யாருக்காவது கேள்வி உண்டா என்பார். நாற்பது பேரும் தங்கள் செருப்பைக் குனிந்து பார்ப்பார்கள். பிறகு தேநீரும் மக்ரூத் இனிப்பும் வரும். ஒரு மனிதர் ஏழு வருடம் அலைந்து உண்மையைத் திரட்டிக் கொண்டுவந்து வைக்கிறார், நாம் இனிப்பைத் தின்றுவிட்டு அனுப்பி வைக்கிறோமே என்று, நாங்கள் மரியாதையாக ‘ஸீ ஸாதுக்’ என்றழைக்கும் அவர் புழுங்கினார்.

அதன்பின் ஆசிரியர் வரும் தேதி தெரிந்ததும் அவர் அந்தப் புத்தகத்தை மூன்று முறை படிக்கலானார். முதல் முறை சும்மா. இரண்டாம் முறை பென்சிலோடு. மூன்றாம் முறை அடிக்குறிப்புகளையும் நன்றியுரையையும் மட்டும். முன்னுரையில் பதில் இருப்பதைக் கேட்கக் கூடாது. கேள்வி என்ற பெயரில் சொற்பொழிவாற்றக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஆம் என்றோ இல்லை என்றோ ஒரே சொல்லில் முடிந்துவிடும் கேள்வியைக் கேட்கவே கூடாது. அது வந்தவரை வாசலோடு பேசி அனுப்புவது என்பார். இப்படிச் சலித்தெடுத்த பதினோரு கேள்விகளை, கணினி வந்தபின் வேலையிழந்த பழைய நூற்பட்டியல் அட்டைகளின் பின்புறத்தில் பச்சை மையால் எழுதுவார்.

அட்டைகள் ஆளறிந்து ஊரார் கைக்குப் போகும். காரமான கேள்வி கணீர்க் குரல்காரருக்கு, கனிவான கேள்வி கூச்சக்காரருக்கு. ஒருமுறை ரொட்டி சுடும் ஃபத்ஹி எழுந்து நின்று, அட்டையில் இருந்த எண்ணையும் சேர்த்து, “நாலாவது கேள்வி” என்று உரக்க வாசித்துவிட்டார். “மத்த பத்தும் யாருகிட்டப்பா இருக்கு?” என்று பின்வரிசையில் ஒரு குரல் கேட்டது. வந்திருந்த ஆசிரியரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஸாதுக் மட்டும் காது சிவக்க மேடையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

அவர் தம் வாயால் ஒரு கேள்வியும் கேட்டதில்லை. விருந்துக்கு அழைத்தவன் முதலில் தட்டில் கை வைப்பதா என்பார். முப்பத்தொரு ஆண்டுகளும் ஊரார் வாயால்தான் பேசினார்.

அவருக்கு வஜ்தி என்று ஒரே மகன். ஆறு ஆண்டுகளுக்கு முன் இத்தாலிக்குப் போனான். எப்படிப் போனான் என்று இந்தக் கடற்கரையில் யாரும் யாரையும் கேட்பதில்லை. வஜ்தி நல்லா இருக்கானா என்று நாங்கள் விசாரிப்போம். “ஆமா, பலேர்மோல ஒரு கடையில இருக்கான். வெள்ளிக்கிழமை தவறாம பேசுவான்” என்பார். திருப்தியாகத் தலையாட்டிவிட்டு வேலையைப் பார்ப்போம்.

சென்ற மார்ச்சில் நூலாசிரியர் ஆஸ்யா கெதிரி வந்தார். இத்தாலிக்குக் கள்ளப் படகேறிப் போனவர்களைப் பற்றி, பிழைத்தவர்களிடம் கேட்டறிந்து எழுதிய புத்தகம் அவருடையது. அதை ஸாதுக் மூன்று முறை அல்ல, முப்பது முறை படித்தார் என்று பின்னர் அவர் மனைவி மபுரூக்கா அம்மா சொன்னார். உண்மையில் அவர் படித்தது ஒரே பக்கத்தைத்தான். இருநூற்றுப் பன்னிரண்டு. எந்திரம் நின்று மூன்றாம் நாளான ஒரு படகில், தூங்கினால் தவறி விழுந்துவிடுவார்கள் என்று, சுற்றியிருந்த எல்லோரிடமும் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்த ஒரு பையன் அதில் வருகிறான். உங்க ஊர்ல கூஸ்கூஸுக்கு என்ன மீன் போடுவாங்க, முதல்ல யார் கையால அடி வாங்கினீங்க, உங்க வீட்டுக் கதவுக்கு என்ன நிறம். நான்காம் நாள் விடிந்தபோது அவன் இல்லை. அவன் பெயரை யாரும் கேட்டிருக்கவில்லை என்று அந்தப் பக்கம் முடிகிறது.

வஜ்தி பலேர்மோவில் இல்லை. எந்த வெள்ளிக்கிழமையும் அவன் பேசியதில்லை. கிளம்பிய இரவுக்குப் பிறகு அவனைப் பற்றி ஒரு சொல்லும் வந்ததில்லை. ஊருக்கு ஒரு பதில் வேண்டியிருந்ததால் அவர் பலேர்மோவைக் கொடுத்தார். அந்தப் பொய்யைச் சொன்ன வாயால் சபை நடுவே எப்படிக் கேட்பார்? கேட்டால் பதில் வந்துவிடும் என்ற அச்சமும் இருந்தது. ஆனால் மபுரூக்கா அம்மா இன்னமும் தினம் மூன்று தட்டு கழுவி வைக்கிறார். அம்மாவுக்காக, பன்னிரண்டாவதாக ஓர் அட்டையை ஸாதுக் எழுதினார். அதைத் துணை நூலகர் நஸீஹாவின் கையில் கொடுத்து, “கடைசியா கேளு” என்று மட்டும் சொன்னார்.

பக்கம் 212. அந்தப் பையனின் இடது மணிக்கட்டில் வெந்நீர்பட்ட தழும்பு இருந்ததா?

நஸீஹா அதை எங்களிடம் காட்டினார். “பாருங்க, ஸீ ஸாதுக்குக்கு வயசாயிடுச்சு. இருந்துச்சா இல்லையான்னு ஒரு கேள்வியாம். கடைசி வருஷத்துல இதக் கேட்டா அவருக்குத்தானே அசிங்கம்?”

“நீயே நல்லதா ஒண்ணு கேட்டுடு” என்றோம் நாங்கள். “அவரு பேரக் காப்பாத்தின மாதிரி இருக்கும்.”

நஸீஹா எழுந்தார். இவ்வளவு மரணங்களைக் கேட்டெழுதியவர் எதை மட்டும் எழுதாமல் விட்டீர்கள், அதை விட எப்படி மனம் வந்தது என்று கேட்டார். ஆஸ்யா கையிலிருந்த தம் புத்தகத்தை மூடி வைத்தார். பிறகு பன்னிரண்டு நிமிடம் பேசினார். கூடமே அழுதது. எந்த ஊரிலும் தமக்குக் கிடைக்காத கேள்வி இது என்றார். நாங்கள் மார்தட்டாத குறையாக மேடையைப் பார்த்தோம். ஸாதுக் நிறைந்துவிட்ட குவளையில் இன்னும் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். பெருமையில் தம்மை மறந்துவிட்டார் என்று நினைத்தோம்.

நகராட்சித் தலைவர் விருந்தாளியைக் கையோடு சாப்பாட்டுக்கு அழைத்துப் போய்விட்டார். ஸாதுக் நாற்காலிகளை அடுக்கிவிட்டு வீட்டுக்கு நடந்தார். மபுரூக்கா அம்மா கதவருகிலேயே நின்றிருந்தார்.

“என்ன சொன்னாங்க? ஆமான்னாங்களா, இல்லன்னாங்களா?”

“நேரமாயிடுச்சு.”

“நேரமாயிடுச்சுன்னா?”

“கேக்கல, மபுரூக்கா. யாரும் கேக்கல.”

அம்மா அடுக்களைக்குப் போனார். போட்ட சோற்றை அன்று இருவரும் தொடவில்லை.

பதினோராம் நாள் நஸீஹாவின் கோட்டுப் பையில் அந்த அட்டை அகப்பட்டது. மன்னிப்புக் கேட்பதுபோலப் பாதி விளையாட்டாக அதை எடுத்துக்கொண்டு அவர் மேசைக்குப் போனார்.

“இதக் கேக்காம விட்டதுல கோவமா? நீங்க சொல்லிக்குடுத்த சட்டந்தானே, ஸீ ஸாதுக். ஆமா இல்லன்னு முடியுறது கேள்வியே இல்லன்னு.”

“ஆமா, நான் சொன்னதுதான்.” அட்டையை வாங்கி இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்தார். “எனக்கு அந்த ஒத்தைச் சொல்லுதாம்மா வேணும். ஆறு வயசுல டீ கெண்டிய கையில கவுத்துக்கிட்டான்.”

“யாரு? வஜ்தியா? அவன் பலேர்மோல இல்ல?”

“பலேர்மோவுக்குன்னுதான் கெளம்பினான்” என்றார்.

நஸீஹா அன்றே ஆஸ்யாவுக்கு எழுதினார். நான்காம் நாள் பதில் வந்தது. தழும்பைப் பற்றித் தமக்குத் தெரியாது, அதைக் கேட்க அப்போது தோன்றவில்லை என்று எழுதியிருந்தார். அந்தப் படகில் பிழைத்துத் திரும்பி, அந்தப் பக்கத்தை ஆஸ்யாவிடம் சொன்னவர் ஒரே ஒருவர். நிகழ்ச்சியன்று மாலை ஆஸ்யாவின் காரை ஓட்டிக்கொண்டு நம் நூலகத்துக்கு வந்தவர் அவர்தான். கதவோரம் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாராம். இந்தக் கேள்வி வந்திருந்தால் ஆஸ்யா அவரைத் திரும்பிப் பார்த்திருப்பார், அவர் தலையை ஆட்டியிருப்பார். அவ்வளவுதான் வேலை. நிகழ்ச்சி முடிந்த ஒன்பதாம் நாள் அவர் மறுபடியும் படகேறிவிட்டார். அவருடைய தொலைபேசி இப்போது ஒலிப்பதில்லை.

அந்த மனிதருக்கு அன்று தேநீர் கொடுத்தது நாங்கள்தான். இன்னும் ரெண்டு மக்ரூத் எடுத்துக்குங்க என்று உபசரித்தோம்.

ஐயா, இனி ‘தாங்கள்’ என்றே அழைக்கிறோம். இதையெல்லாம் எழுதலாமா என்று தங்கள் இல்லத்துக்கு வந்து நாங்கள் கேட்டபோது தாங்கள் அம்மாவைப் பார்த்தீர்கள். அம்மாதான் சொன்னார்: “எழுதுங்க. எல்லார் முன்னாடியும் படிங்க. இனிமே வெள்ளிக்கிழமையைப் பத்தி யாரும் விசாரிக்க வேணாம்.” படித்துவிட்டோம். இந்த மடலைச் சட்டமிட்டு மாட்டச் சொல்ல எங்களுக்கு உரிமை இல்லை. அடுப்பில் போட்டாலும் தகும்.

நீடுவாழ்க, நோயின்றி வாழ்க என்று முடிக்க வேண்டிய இடம் இது. தங்களுக்கு முன்னால் இருக்கும் ஆண்டுகள் எப்படிப்பட்டவை என்பதை அறிந்தும் அப்படி வாழ்த்த நா எழவில்லை. தாங்கள் விரும்பிய ஒரு சொல் கடலுக்குப் போய்விட்டது. அதைத் திருப்பித் தர எங்களால் ஒருநாளும் ஆகாது. ஆனால் கணக்கற்ற கேள்விகளை எங்கள் வாயில் வைத்தவரிடம், ஆறு ஆண்டுகளாக நாங்கள் கேட்டது வஜ்தி நல்லா இருக்கானா என்ற ஒன்றே ஒன்றுதான். ஆம் என்று தாங்கள் முடித்துவிடக்கூடிய கேள்வி அது. தங்கள் சட்டப்படி அது கேள்வியே இல்லை.

இன்று நாங்களே ஓர் அட்டை எழுதியிருக்கிறோம். பச்சை மைதான். எங்களில் நஸீஹா எழுந்து நின்று கேட்கிறார். கதவைச் சாத்திவிட்டோம், தேநீர் இப்போதைக்கு வராது, நாற்காலியை விட்டு எவரும் எழப் போவதில்லை.

ஸீ ஸாதுக், வஜ்தி எப்படிப்பட்ட பிள்ளை?

கேட்கக் கற்றும் கேட்காது போன,
ராஸ் ஸைத்தூன் நகராட்சி நூலகப் பணியாளர்கள்