மோதிரம் இல்லாத கை

ஓவியங்கள் மாட்டிய மடக்குப் பலகைகளை ஊர் ஊராகக் கொண்டுபோவது நீ நினைக்கிற அளவுக்குச் சிரமமில்லை. கீல் இருக்கிறது, சக்கரம் இருக்கிறது, படங்களோடு அப்படியே மூடி வண்டியில் ஏற்றிவிடலாம். நூலகம், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி வராந்தா என்று உன் அம்மாவின் கண்காட்சி போன இடமெல்லாம் நான்தான் விரித்தேன், நான்தான் மடக்கினேன். ஒரு கீறல் விழுந்ததில்லை. காபியைக் குடி, ஆறிவிடும். இணையத்தில் முதன்முதலாக வந்த படத்தை நீ வெளிநாட்டில் சேமித்து வைத்திருப்பாய் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அதைக் காட்டிவிட்டாய், சித்திக்கு இனி மறைக்க ஒன்றுமில்லை.

கண்காட்சிக்கு 'அம்மாவின் அறை' என்று பெயர். எங்கள் அம்மா நினைவு தப்பி, பெற்ற மகளையே யாரென்று கேட்டுக்கொண்டு படுக்கையில் கிடந்த கடைசி வருடங்களின் படங்கள். அந்த வருடங்களில் அக்கா இந்த வீட்டுக்கு விருந்தாளியாகத்தான் வந்தாள். குளிப்பாட்டியது, ஊட்டியது, துணி அலசியது எல்லாம் நான். அம்மா எப்படி இருக்கிறாள் என்று அக்கா கேட்டால் கைப்பேசியில் படம் பிடித்து அனுப்புவேன். அவற்றைப் பார்த்துத்தான் வரைந்தாள். அதில் தப்பில்லை, அவள் ஓவியர், நான் இல்லை.

திறப்பு நாளில்தான் நடுப் பலகையைப் பார்த்தேன். அம்மாவின் வாயருகே கரண்டி பிடித்த ஒரு கை. என் கைதான். ஆனால் வெந்நீர் கொட்டி மணிக்கட்டில் விழுந்த தழும்பைக் காணோம். விரலில் அக்காவின் பச்சைக்கல் மோதிரம் இருந்தது. கீழே 'என் அம்மாவுக்கு நான் ஊட்டிய நாட்கள்' என்று எழுதியிருந்தது. "இந்தக் காலத்துல இப்படி ஒரு பொண்ணா!" என்று ஒரு பெரியவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. அன்று சாயங்காலம் அவளே சொன்னாள்: "நீ இப்ப சும்மாதானேடி இருக்க? பலகையோட போயிட்டு வா. இணையத்துல படம் ஏத்துறதையும் நீயே பாத்துக்கோ."

சரிக்கா என்றேன்.

ஒவ்வொரு ஊரிலும் வெளிச்சம் வேறு. அதனால் போகிற இடத்தில் எல்லாம் புதிதாகப் படம் எடுத்து, பழையதை நீக்கிவிட்டு ஏற்றச் சொல்லியிருந்தாள். நிறம் முன்னே பின்னே இருந்தால் பார்க்கிறவர்கள் கேட்க மாட்டார்கள். முழங்கால் வலியால் வீட்டைவிட்டு நகராத அக்கா, தன் படங்களைக் கணினியில்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதலில், இணையத்தில் ஏற்றுகிற படத்தில் மட்டும் கதவின் நீலத்தைப் பச்சையாக்கினேன். கணினியில் அது சின்ன வேலை. உடனே கூப்பிட்டாள்.

"கதவு நீலந்தானேடி?"

"இல்லையேக்கா, பச்சைதான். பலகைக்கு எதிர்லதான் நிக்கிறேன்."

அடுத்த ஊரில் மேஜைமேல் இருந்த டம்ளரை எடுத்துவிட்டேன். அதற்கடுத்த ஊரில் ஜன்னலுக்கு ஒரு கம்பி கூடியது. கூப்பிடும்போதெல்லாம் அவள் குரல் இறங்கிக்கொண்டே வந்தது. அம்மாவுக்கு வந்தது தனக்கும் வந்துவிடுமோ என்று அவளுக்கு எப்போதும் ஒரு பயம் உண்டு, அது எனக்குத் தெரியும். கடைசியில்தான் மோதிரத்தை எடுத்தேன், தழும்பை வைத்தேன்.

"அந்தக் கையில நான் மோதிரம் போடலையா?" என்றாள்.

"நீ எதுக்குக்கா போடப் போற? அது என் கைதானே."

கைப்பேசியை வைத்துவிட்டாள். அம்மா போன பிறகு அன்றுதான் நான் வயிறாரச் சாப்பிட்டேன்.

சுற்று முடிந்ததும் பலகைகளை அவள் வீட்டு முன்னறையில் இறக்கினேன். அன்று அங்கேயே தங்கினேன். அவள் தூங்கிய பிறகு வண்ணக் குழாய்கள் இரண்டின் மூடியைத் திறந்து தரையில் போட்டேன், ஒரு தூரிகையை நனைத்து வைத்தேன். படங்களைத் தொடவில்லை. காலையில் அவள் பலகைகளைத் திறந்தாள். கதவு நீலமாக இருந்தது. டம்ளர் இருந்தது. மோதிரமும் இருந்தது.

"என்னடி இது?"

"ராத்திரி நீதானேக்கா எழுந்து வந்து தீட்டிக்கிட்டிருந்த? கூப்பிட்டேன், என்னைத் திரும்பிக்கூடப் பாக்கல."

தரையில் கிடந்த குழாய்களைப் பார்த்தாள். "ஐயோ, எனக்கும் வந்துடுச்சா" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். பிறகு தூரிகையை எடுத்தாள். யாரும் சொல்லவில்லை, அவளாகவே கதவைப் பச்சையாக்கினாள், டம்ளரை மறைத்தாள், மோதிரத்தைச் சுரண்டி எடுத்தாள். "கையைக் காட்டுடி" என்றாள். என் மணிக்கட்டைப் பார்த்துப் பார்த்துத் தழும்பை வரைந்தாள். நன்றாகவே வந்தது.

டாக்டர் சோதித்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "உங்க அக்காவுக்கு ஞாபகத்துல ஒரு குறையும் இல்லம்மா, வெறும் பயந்தான்" என்றார். அதை அவளிடம் நான் சொல்லவில்லை. இங்கே கூட்டிவந்து அம்மாவின் கட்டிலில் படுக்க வைத்தேன். அம்மாவுக்குக் கொடுத்த தூக்க மாத்திரையைத்தான் இவளுக்கும் கொடுக்கிறேன், காலையிலும் சேர்த்து. இப்போது அவள் எதையும் வரைவதில்லை. பக்கத்து வீட்டு அம்மா, இப்படி ஒரு தங்கச்சி யாருக்குக் கிடைக்கும் என்று என்னைத் தலையில் தூக்கி வைத்துப் பேசுகிறாள்.

முறைக்காதே. அக்காமேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. நேற்று என்னை அம்மா என்றுகூடக் கூப்பிட்டாள். ஊட்டுகிற நேரமாகிவிட்டது, எழுந்து வா. வேண்டுமானால் படம் எடுத்துக்கொள். என் மணிக்கட்டு மட்டும் நன்றாகத் தெரியட்டும்.