பச்சை விளக்கு வரும்வரை

"அதான் ஓடுதுல்ல மச்சான், ஓடுறதை எதுக்கு—"

"இன்னைக்கு ஓடுது மாப்ள. ஒரு தடவை அணைஞ்சுதுன்னா—"

"ஏன் அணையப் போகுது? நீங்க போய் அணைச்சாத்தான் உண்டு."

இது எங்களுக்குள் வாரம் ஒருமுறை நடக்கிற பேச்சுதான். நீங்கள் இதைப் பெரிதாக எழுதிக்கொள்ள வேண்டாம். அவர் என் தங்கையின் கணவர். ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் பிரிவுக்கு மேலாளர். நான் அவருக்குக் கீழே இருபத்திரண்டு வருட அனுபவமுள்ள டெக்னீஷியன். வீட்டில் அவர் எனக்கு மாப்பிள்ளை, ஆபீசில் நான் அவருக்கு ஆள். அதில் எனக்கு ஒரு மனத்தாங்கலும் கிடையாது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் பேசிக்கொள்வது ஒரு ஸ்விட்சைப் பற்றி; ஸ்விட்ச் என்றால் சுவரில் விளக்குப் போடுகிற ஸ்விட்ச் இல்லை. முந்தாநாள் உங்கள் ஸ்டேஷன் ஆள் ஒருவர் அப்படித்தான் நினைத்துக்கொண்டு, "ஒரு ஸ்விட்சைப் போடத் தெரியாதா அவங்களுக்கு?" என்று கேட்டார். நெட்வொர்க் ஸ்விட்ச் என்பது தட்டையான ஓர் இரும்புப் பெட்டி. பல கேபிள்கள் வந்து சேரும், அங்கிருந்து பிரிந்து போகும். மூன்றாம் மாடி நெஞ்சுநோய் வார்டில் ஒவ்வொரு கட்டில் பக்கத்திலும் மூச்சையும் நாடியையும் பார்க்கிற மெஷின் இருக்கிறதல்லவா, ஏதாவது தப்பென்றால் அது நர்ஸ்களின் மேஜையில் மணியடிக்கும். அந்தச் செய்தி போகிற வழி இந்தப் பெட்டிதான். கட்டில் பக்கத்திலும் சத்தம் வரும். ஆனால் பகலில் நோயாளிகள் தூங்க முடியவில்லை என்று அதைக் குறைத்து வைத்திருப்பார்கள்.

ஏழு மாதத்துக்கு முன்னால், மின்சார வேலைக்காக ஒருநாள் எல்லாவற்றையும் அணைத்தார்கள். மறுபடி போட்டபோது இது மட்டும் கிளம்பவில்லை.

எப்படியென்றால், பவர் கொடுத்ததும் உள்ளே விசிறி சுழலும். முன்னால் ஆரஞ்சு விளக்கு மினுக்கும். இதோ பச்சையாகப் போகிறது என்று நாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது எல்லாம் அடங்கிவிடும். பிறகு முதலிலிருந்து விசிறி, ஆரஞ்சு, அடக்கம். பவர் கேபிளை மாற்றினேன். பிளக் பாயிண்டை மாற்றினேன். வேறு மாடியிலிருந்து பவர் யூனிட்டைக் கழற்றிவந்து போட்டேன். லேப்டாப்பை மாட்டி அது தனக்குள் என்ன சொல்லிக்கொள்கிறது என்று வரிவரியாகப் படித்தேன். ஒவ்வொரு தடவையும் ஒரே வரியில் வந்து நின்றது. வாய்வரை வந்த பெயரைச் சொல்லாமல் விழுங்குகிற மனிதனைப் போல. நான்கு நாள். அந்த நான்கு நாளும் மற்ற வார்டுகளிலிருந்து நர்ஸ்களை வரவழைத்துக் கட்டிலுக்கு ஒருவராக உட்காரவைத்தார்கள். மாப்பிள்ளை மணிக்கு ஒருமுறை போன் செய்து, "என்ன மச்சான், ஆச்சா?" என்பார். நேரில் வரவில்லை.

நான்காம் நாள் வெறுத்துப்போய், செருகியிருந்ததை எல்லாம் ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். பக்கவாட்டில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு கார்டு உண்டு. நர்ஸ் மேஜைக்குப் போகிற கேபிள் அதில்தான் மாட்டியிருக்கும். அது வெளியே வந்ததும் பெட்டி சமர்த்தாகக் கிளம்பியது. கிளம்பிய பிறகு செருகினால் ஏற்றுக்கொண்டது. கிளம்பும்போது மட்டும் கார்டு உள்ளே இருக்கக்கூடாது. உள்ளே ஏதோ பழுதாகியிருக்கிறது, அவ்வளவுதான். மாற்றவேண்டிய பெட்டி.

ஒரு காகிதத்தில் எழுதி, பெட்டி இருக்கிற அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டினேன். கார்டை எடு. பவர் கொடு. பச்சை விளக்கு வரும்வரை காத்திரு, ஆறு நிமிடம் ஆகும். பிறகு கார்டைச் செருகு. என் கையெழுத்து அழகாக இருக்கும், நீங்களே பார்த்திருப்பீர்கள்.

புதுப் பெட்டி கேட்டு மாப்பிள்ளையிடம் ஏழு கடிதம் கொடுத்தேன். மாதத்துக்கு ஒன்று. அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார். கடைசிக் கடிதத்தை நர்ஸ்கள் முன்னாலேயே சத்தமாகப் படித்துவிட்டுச் சொன்னார்:

"வயசுக்கு வந்த பொண்ணை வீட்ல வச்சிருக்கவர் மாதிரி புலம்புறாரே. அது ஒரு பொட்டி மச்சான்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

சிரிக்காதவர் ஏழாம் கட்டில் அம்மா மட்டும்தான். அவரைப் பற்றித்தான் நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நுரையீரல் கெட்டு, வார்டுக்கு வருவதும் போவதுமாக இருந்தார். மூக்கில் எப்போதும் ஆக்சிஜன் குழாய். என் அலமாரி அவர் அறை வாசலுக்கு நேர் எதிரே. மாதம் ஒருநாள் நர்ஸ்களிடம் சொல்லிவிட்டு நான் பெட்டியை அணைத்துப் போட்டுச் சோதிப்பேன். அவர் படுத்தபடி கேட்பார்:

"வண்டி கிளம்பிடுச்சா தம்பி?"

"இன்னும் இல்லம்மா."

"என்னதான் பண்ணணும் அதுக்கு?"

நான் சொல்வேன். அவர் நிறுத்தங்களின் பெயரைக் கூவுகிற மாதிரி திருப்பிச் சொல்வார். கார்டை எடு, பவரைக் குடு, பச்சை வர்ற வரைக்கும் நில்லு, கார்டைச் செருகு. பச்சை எரிந்தால், "ரைட், போலாம்" என்று கையைத் தட்டுவார். தட்டினால் இருமல் வரும். அந்த வார்டில் என் வேலை என்னவென்று தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

புதன்கிழமை நான் செய்ததைச் சொல்கிறேன். ஒளிக்க ஒன்றுமில்லை. அந்தப் பெட்டி என்றைக்காவது அணையத்தான் போகிறது. விடியற்காலையிலோ விடுமுறையிலோ அணைந்தால் என்ன ஆகும்? அதனால் எல்லா டாக்டர்களும் இருக்கிற நேரமாக, மதியம் மூன்று மணியாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன். பொறுப்பில்லாதவன் இப்படி யோசிக்கமாட்டான். காகிதத்தை மூலை கிழியாமல் உரித்து மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன். இரண்டு பவர் கேபிளையும் பிடுங்கினேன். பத்து எண்ணிவிட்டு மறுபடி மாட்டினேன். கார்டு உள்ளேயே இருந்தது. விசிறி, ஆரஞ்சு, அடக்கம். அலமாரியைப் பூட்டாமல் சாத்திவிட்டுக் கீழே போய் காரில் உட்கார்ந்தேன்.

பதினொரு போன் வந்தது. ஒன்பது மாப்பிள்ளை, ஒன்று நர்ஸ் மேஜை, ஒன்று என் தங்கை. அவளை விட்டுக் கூப்பிடச் சொல்லியிருக்கிறார். ஒன்றையும் எடுக்கவில்லை. அவர் அலமாரி முன்னால் அரைமணி நேரம் நிற்கட்டும், அந்த ஆரஞ்சைப் பார்க்கட்டும் என்றுதான் நினைத்தேன். ஒரே ஒருமுறை பார்த்தால் போதும், எட்டாவது கடிதம் தேவைப்படாது.

அவர் பத்து நிமிடம்கூட நிற்கவில்லையாம். இரண்டு தடவை கேபிளைப் பிடுங்கி மாட்டிவிட்டு என்னைத் தேடக் கிளம்பிவிட்டார்.

மற்றதைத் தலைமை நர்ஸ் சொல்லித்தான் எனக்குத் தெரியும். மணி வராது என்றதும் அவர் ஆட்களைப் பிரித்து அறைக்கு அனுப்பியிருக்கிறார். மோசமாக இருப்பவர்கள் முதலில். ஏழாம் கட்டிலில் இருந்தவர் நன்றாகப் பேசிக்கொண்டிருந்ததால் கடைசி. "அந்தக் கார்டை எடுங்கம்மா" என்று அவர் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார். ஏதோ கார்டு விளையாட்டைச் சொல்கிறார் என்று நினைத்துத் தலையாட்டிவிட்டு ஓடியிருக்கிறார்கள்.

நான் நாற்பதாவது நிமிடம் மேலே வந்தேன். அலமாரி திறந்திருந்தது. ஏழாம் கட்டில் அம்மா அதன் கீழே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஆக்சிஜன் குழாய் கட்டிலோடு தொங்கிக்கொண்டிருந்தது, அறையிலிருந்து அத்தனை தூரம் அது வராது. அவருடைய மெஷின் உள்ளே மெல்லக் கத்திக்கொண்டிருந்தது. கார்டு அவர் கையில். பெட்டியில் பச்சை விளக்கு.

பச்சை வரும்வரை நின்றிருக்கிறார். ஆறு நிமிடம். நான் சொல்லிக்கொடுத்தபடியே, ஒரு படி பிசகாமல். செருகுவது மட்டும்தான் பாக்கி.

அவர் விரலைப் பிரித்துக் கார்டை எடுத்து நான் செருகினேன். நர்ஸ் மேஜையில் உடனே மணியடித்தது. ஏழாம் கட்டில் என்று காட்டியது. ஓடிவந்தார்கள். டாக்டர் வெகுநேரம் நெஞ்சை அழுத்திப் பார்த்துவிட்டு எழுந்துகொண்டார். காகிதத்தை நான் கதவில் ஒட்டினேன், பழைய இடத்தில்.

பெட்டியை அணைத்தது நான். வழியை மறைத்தது நான். அதை எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். ஆனால் அந்த அம்மாவை எழுந்து வரச் சொன்னது நானில்லை, அதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். எனக்குக் கேட்கவேண்டியது ஒன்றுதான் இருக்கிறது.

"சார், அந்தப் பொட்டியை இப்பவாவது மாத்தினாங்களா?"